குதிரையோடு விற்கிற வீடு

மேலகரத்துக்கு மேற்கே விலைக்கு வந்திருந்த ஒரு பண்ணைவீட்டைக் காட்ட எங்களைக் கூட்டிப்போன தரகருக்குத் தலை முழுக்க வெள்ளை, மீசை மட்டும் அட்டைக்கறுப்பு. பிரான்சிலிருந்து திரும்பிய முதலாளி அந்தப் பழைய வீட்டை அங்கத்திய கிராமத்து வீடு போலவே புதுப்பித்திருந்தார். தரகர் எதைத் தொட்டாலும் "பிரெஞ்சு" என்பார். நீல ஜன்னல் பிரெஞ்சு, ரோஜாத் தோட்டமும் பிரெஞ்சு. லாயத்தில் நின்ற கிழட்டுக் குதிரையைக் காட்டி, "இதுவுமா?" என்றேன்.

"இது பொள்ளாச்சி, அண்ணாச்சி. வீட்டோட சேத்துத்தான் குடுக்காவ."

"குதிரைய யாருக்காவது தள்ளிவிட்டுட்டு லாயத்துல கார விட்டுக்கிடலாம்" என்றாள் என் மனைவி.

தரகரின் முகம் மாறிவிட்டது. "தோட்டம் பூரா பாம்பு, அக்கா. சாரல் அடிச்சா கூரை ஒழுகும். கொரங்கு அடுப்படிக்குள்ளயே வந்துரும்" என்று அடுக்கத் தொடங்கினார். மனைவி மிரண்டுபோய்க் காரில் ஏறிக்கொண்டாள்.

நான் மட்டும் நின்று, "குதிரை மேல அவ்வளவு பாசமா?" என்று கேட்டேன்.

"பாசமா? இந்தச் சவம் என்னைய எத்தன மட்டம் கடிச்சிருக்கு!"

"பொறகு எதுக்கு உங்க கமிஷன நீங்களே கெடுத்துக்கிடுதிய?"

"கெழடு, அண்ணாச்சி. வெளிய தள்ளுனா எங்கன போவும்?"

சொல்லிக்கொண்டே அதன் கழுத்தைத் தடவப் போனார். அது வெடுக்கென்று கையைக் கடித்தது. அவர் திட்டிய வார்த்தைகளை அச்சில் ஏற்ற முடியாது. திட்டி முடித்துவிட்டு, வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அதன் முன்னால் வைத்தார். வியாபாரமும் போய், கடியும் வாங்கிய மனிதர் ஒருவர் அவ்வளவு திருப்தியாக நின்றதை நான் அதற்குப்பிறகு எங்கும் பார்த்ததில்லை.