அம்சவல்லி உலர்த்திக் காட்டிய தண்ணீர்

நாற்பத்தாறு வயதில் அம்சவல்லியின் மேல் முதன்முறையாக ஒரு பழி விழுந்தது. அதுவும் சுண்டுவிரல் அளவுகூட இல்லாத ஒரு குப்பியால்!

மரக்காணம் உப்பளத்தில் பதினைந்து வருஷம் உப்பு வாரியவள் அவள். கணவன் போன பிறகு, கீழ்புத்துப்பட்டுப் பக்கத்து ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. கண்ணாடிச் சாமான் கழுவ வேண்டும், ஃப்ரீசரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளைக் கோட்டை முதலில் போட்டுக்கொண்ட அன்று, கதவைச் சாத்திக்கொண்டு சந்தோஷத்தில் அழுது தீர்த்தாள்.

அங்கே வினோதினி உப்பளத்துக்காரர்களின் கண்புரையை ஆராய்ந்துகொண்டிருந்தாள். கண் லென்ஸில் இருக்கும் கிரிஸ்டலின் என்ற புரதத்தைத் தேடும் வேலை. அந்தப் புரதம் நிச்சயமாக இருக்கிற செல்களை உடைத்தெடுத்த சாறுதான் குப்பியில் இருந்தது. லைசேட் என்பார்கள். மற்ற மாதிரிகளோடு அதையும் கரைசலில் அமிழ்ந்த ஜெல் பலகையில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டால், உரிய இடத்தில் ஒரு கோடு விழும். அந்தக் கோடு விழுந்தால்தான் மற்றதையெல்லாம் நம்பலாம்.

அன்று கோடு விழவில்லை. இழுபட்ட கறைதான் தெரிந்தது.

"உண்மையைச் சொல்லுங்கக்கா. லைசேட்டை வெளியில வெச்சிட்டு மறந்துட்டீங்களா? சூடு பட்டா கெட்டுடும்னு சொன்னேன்ல?"

"இல்லீங்க மேடம். ஐஸ்ல வெச்சுத்தான் எடுத்தாந்தேன். எம் பொண்ணு மேல சத்தியம்."

"இன்னும் ஒரு தடவைக்குத்தான் இருக்குது. அதுவும் போச்சுன்னா டைரக்டர் சாருக்கு நான் எழுதித்தான் ஆகணும்."

வேலை போனால்கூட அம்சவல்லி தாங்கிக்கொள்வாள். பொறுப்பில்லாதவள் என்ற பேரோடு எப்படி ஊருக்குள் நடப்பாள்?

கண்ணைத் துடைத்துக்கொண்டு மேஜையைத் துடைக்கப் போனவள் கை நின்றது. கரைசல் கலக்கும் டிஸ்டில்டு வாட்டர் கேனுக்கு அடியில், தண்ணீர் சொட்டிக் காய்ந்த இடம் வெள்ளையாகப் பூத்திருந்தது.

இரண்டு கண்ணாடித் தட்டை எடுத்தாள். ஒன்றில் அந்தக் கேன் தண்ணீர், இன்னொன்றில் பிரிக்காத கேனிலிருந்து கொஞ்சம். உச்சி வெயிலில் ஜன்னலோரம் வைத்தாள். டீ வருவதற்குள் இரண்டும் காய்ந்துவிட்டன.

"மேடம், இங்க வாங்க. புதுக் கேன் தண்ணி காஞ்சா ஒண்ணுமே நிக்கல. இதைப் பாருங்க, உப்புப் பாத்தி மாதிரி பூத்திருக்குது."

வினோதினிக்கு முகம் வெளுத்தது. "உப்பா? அதான் கரைசல்ல கரண்ட் கண்டபடி ஏறி ஜெல் சூடாயிருக்குது!"

காலிக் கேன்களை எடுத்துப்போகும் கேன்டீன் அந்தோணிராஜைக் கேட்டார்கள்.

"பாத்திரம் கழுவ நான்தான் காலிக் கேன்ல போர் தண்ணி புடிச்சு வெச்சேன். இந்த மேடம்தான் வந்து தூக்கிட்டுப் போனாங்க."

"ஏண்ணே, கேன் மேல எழுதியிருக்குதே, பாக்கலையா?"

"எல்லாக் கேன்லயும்தான் என்னமோ எழுதியிருக்குது, தங்கச்சி! எதைன்னு படிக்கிறது?"

மறுநாள் புதுத் தண்ணீரில் கரைசல் கலந்தார்கள். மிச்சமிருந்த லைசேட்டை ஐஸ் டப்பாவில் வைத்து, இரண்டு கையாலும் ஏந்தி வந்தாள் அம்சவல்லி. மாலையில் எடுத்த ஜெல்லின் படத்தில், இருக்க வேண்டிய இடத்தில் கன்னங்கரேலென்று ஒற்றைக் கோடு!

வினோதினி அவளைக் கட்டிக்கொண்டாள். "மன்னிச்சிடுங்கக்கா. தப்பு என்னோடது."

"அட, விடுங்க மேடம். அழுது கிழுது ஜெல்லுல உப்புத் தண்ணி விட்றாதீங்க!"

அன்று பஸ்ஸில் இடமில்லை. தன் ஊரான அனுமந்தை வரை நின்றுகொண்டே வந்தாள். கால் வலிக்கவே இல்லை.