மடியில் ஓர் எரிமலை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் என் மடியில் ஓர் எரிமலை இருக்கிறது. அக்கா மகள் அந்தமானில் ஒரு சரிவிலிருந்து அடுக்கடுக்காகப் பெயர்த்த கற்கள், அறை அறையாகப் பிரித்த ஒரு தட்டில். அடியில் கிடந்தது முதல் வெடிப்பு, உச்சியில் கிடந்தது கடைசி. அந்த வரிசைதான் அவளுடைய ஆராய்ச்சி. எண்கள் தட்டின் அறைகளில்தான் இருக்கின்றன, கற்களில் இல்லை.

ஆலப்பாக்கத்தில் டிரைவர் பிரேக் போட, தட்டு கவிழ்கிறது. நான் சீட்டுக்கடியில் ஒரு கல்லைத் துழாவி நிமிர்வதற்குள், பக்கத்து சீட்டு மீன்கார அம்மாள் மீதியை அடுக்கிவிட்டார்.

“பெருசு முன்னால, பொடிசு பின்னால. மீன் அடுக்குற தேவனாம்பட்டினத்துக் கை சார் இது!”

“ஐயோ, எரிமலை வெடிச்ச வரிசையில இருந்துச்சும்மா.”

“வெடிச்சப்ப நீங்க பாத்தீங்களா?”

“கல்லப் பாத்தே சொல்லலாம்.”

“அப்பச் சொல்லுங்க. மீனு என்னிக்குப் புடிச்சதுன்னு பாத்ததும் நான் சொல்லுவேன்ல?”

நிலவியலில் இரண்டு புத்தகம் படித்த தெம்பில் குனிந்து பார்க்கிறேன். ஒன்று கறுப்பு, இன்னொன்று அதைவிடக் கறுப்பு. எது முந்தி? முதலில் கறுப்பாக இருந்தது எது என்பதே இப்போது குழப்பமாக இருக்கிறது.

போன் அடிக்கிறது. அவள்தான்.

“மாமா, கல்லெல்லாம் பத்திரமா இருக்கா?”

“ஒண்ணுகூடக் குறையல” என்கிறேன்.