ஓட்டப்பிடாரத்தில் நின்ற கப்பல்

லேப்டாப்பை இயக்கும் மென்பொருளை மாற்றி லினக்ஸ் போடலாம் என்று முடிவெடுத்த பிறகுதான், லினக்ஸ் என்பது ஒன்றல்ல, பல என்று தெரிந்தது. துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் பில் போடுவது என் வேலை. கணினி படித்தவன் இல்லை. வீட்டு லேப்டாப் திறப்பதற்குள் காபி ஆறிவிடுகிறதே என்றுதான் இதில் இறங்கினேன். இணையத்தில் ஒருவர் பரிந்துரைத்ததை இன்னொருவர் திட்டினார். கடைசியில், பார்க்க அழகாக இருந்த ஒன்றை ஏற்றினேன்.

முதல் நாளே பாஸ்வேர்டு கேட்டது. அடித்தேன், திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டு போய்விட்டது என்று புதியது வாங்கி வந்தேன். அதிலும் விழவில்லை. எழுத்து தெரியாமலே அடித்து என்டர் தட்ட வேண்டும் என்பது அப்புறம்தான் புரிந்தது.

என் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். "ஓடிட்டு இருந்ததை ஏன் நோண்டுதிய?" என்றாள். எனக்கே தெரியவில்லை.

கப்பல்கள் தாங்கள் இருக்கும் இடத்தை ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கும், சின்ன ரிசீவர் ஒன்றை லேப்டாப்பில் செருகினால் வீட்டிலிருந்தே கேட்கலாம் என்று பிறகு படித்தேன். மொட்டைமாடியில் ஆன்டெனா கட்டினேன். கட்டளைகளைப் பார்த்துப் பார்த்து அடித்தேன். ஒரு பிழையைச் சரிசெய்தால் வேறொன்று முளைத்தது. ஒரு ஞாயிறு மதியம், திரையிலிருந்த வரைபடத்தில் ஒரு புள்ளி தோன்றியது. கத்திவிட்டேன். மனைவி ஓடிவந்து பார்த்தாள்.

"கப்பலா? இது ஓட்டப்பிடாரம்லா?"

ஆமாம். கடலை விட்டு அவ்வளவு தள்ளி, ஊருக்கு நடுவே ஒரு சரக்குக் கப்பல் நின்றது.

"அந்த ஊர்ல பொறந்தவரு கப்பல் விட்டாருன்னு பிள்ளையளுக்குச் சொல்லிக்குடுக்கோம். கப்பலே அங்கனதான் நிக்கும்னு தெரியாமப் போச்சே" என்று சிரித்தாள்.

அவள் தம்பிக்குத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. போன் போட்டு, புள்ளியின் பக்கத்தில் காட்டிய கப்பலின் பெயரைச் சொன்னேன்.

"அது இங்கன என் கண்ணு முன்னாலல்லா நிக்கு, அத்தான்."

"இங்க லேப்டாப்புல ஓட்டப்பிடாரத்துல காட்டுதே, மாப்ள."

"அப்போ நான் எங்க நிக்கேன்?"

போனை வைத்தேன். இதே மாதிரி ரிசீவர் வைத்திருப்பவர்களின் இணையக் குழுவில் கேட்டேன். ஆன்டெனா தப்பு என்றார் ஒருவர். கப்பலின் கருவிதான் தப்பு என்றார் மற்றவர். நான் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றினேன். மறுநாள் சாயங்காலம் பார்த்தால், கப்பல் துறைமுகத்தில் சாதுவாக நின்றது. எது சரிசெய்தது என்று தெரிந்துகொள்ள, மாற்றியதை எல்லாம் ஒவ்வொன்றாகப் பழையபடி ஆக்கினேன். அப்போதும் கப்பல் நகரவில்லை. ஓடாதபோது இருந்ததைவிட, ஏன் ஓடுகிறது என்று தெரியாதபோதுதான் குழப்பம் அதிகமாக இருந்தது. இன்றுவரை விடை தெரியாது.

அதோடு விட்டுவிடுவேன் என்று நினைத்தேன். ஒருநாள் மனைவியே கேட்டாள்: "மாடித் தொட்டியில தண்ணி எவ்வளவு கெடக்குன்னு இது சொல்லுமா? மோட்டாரப் போட்டுட்டு மறந்துருதேன்."

"சொல்லும்" என்றேன், யோசிக்காமல்.

உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கணினி ஒன்று பார்சலில் வந்திருக்கிறது. அதிலும் லினக்ஸ்தான் ஓடுமாம். தண்ணீரின் மட்டத்தை அளக்கும் சென்சாரில் நான்கு கம்பிகள் இருக்கின்றன. நான் பார்த்த வீடியோவில் மூன்றுதான். எதை விடுவது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.