வெள்ளை உடுப்புக்காரர்கள்

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது கொரோனா இரண்டாவது தடவையாக எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறி வந்தது. அப்பா தேனியில் லாரியோடு மாட்டிக்கொண்டார், செக்போஸ்ட்டை மூடிவிட்டார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டில், காய்ச்சலோடு படுத்திருந்த அம்மாவும் காய்ச்சல் வந்து தெளிந்த நானும் மட்டும்.

தினமும் மூன்று மணிக்கு மூடுபனி இறங்கும். அதற்குள்ளிருந்து மூன்று வெள்ளை உருவங்கள் வரும். தலை முதல் கால்வரை பிளாஸ்டிக் உடுப்பு. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பளபளப்பு. கஞ்சிப் பாத்திரத்தை வாசல் கல்லில் வைத்து, கதவை ஒருமுறை தட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பனிக்குள் போய்விடும். மாதா கோயில், சி.எஸ்.ஐ. வேதக்கோயில், பெந்தெகொஸ்தே ஜெபவீடு மூன்றிலிருந்தும் ஆட்கள் சேர்ந்து வருகிறார்கள் என்றாள் அம்மா. நான் நம்பவில்லை. ஒரே ஜீப்பில் ஏறினால்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள் அவர்கள். எங்கள் வீட்டிலேயே, அம்மாவின் தங்கையான சித்தி கல்யாணமாகி ஜெபவீட்டுக்குப் போய், அங்கே நகை கூடாதென்று கம்மலைக் கழற்றிய நாளிலிருந்து மூன்று வருஷமாக அம்மா அவளோடு பேசவில்லை.

ஆனால் அந்த மூன்றில் நடுவில் வரும் உருவத்தை மட்டும் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறையும்வரை பார்ப்பாள். யாரென்று கேட்டால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள்.

ஒரு புதன்கிழமை அவர்கள் பாத்திரமில்லாமல் வந்தார்கள். பக்கத்து வீட்டுக்குள் போனார்கள். அங்கே ஃபாக்டரி அண்ணாச்சி தனியாக இருந்தார். நீளமான பையொன்றைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அவர்கள் மறைந்து வெகுநேரம் கழித்து கல்லறை மேட்டிலிருந்து சத்தம் வந்தது. மூன்று குரல், மூன்று விதமான ஜெபம், ஒன்றின்மேல் ஒன்றாக. ஆள் யாரும் தெரியவில்லை. பனிதான் ஜெபம் செய்தது. முதலில் சோறு போட்டு, பிறகு தூக்கிப் போகிறார்கள் என்று எனக்குள் முடிவாகிவிட்டது.

மறுநாள் மத்தியானம் அம்மாவுக்கு மூச்சு முட்டியது. உதடு கறுத்தது. அப்பாவுக்குப் போன் செய்து அழுதேன்; ஆள் வரும் என்றார். வந்தது அவர்கள்தான். ஒருவர் தோளில் இரும்பு உருளை. கதவைத் தாழிட்டு அரிசி டிரம்மை நகர்த்தி முட்டுக் கொடுத்தேன்.

"சிட்டு, கதவத் தெற."

வீட்டுக்குள் மட்டும் கூப்பிடும் பெயர் அது. பனியிலிருந்து வந்த ஒன்றுக்கு எப்படித் தெரியும்?

"எங்க அம்மாவத் தர மாட்டேன். போயிருங்க!"

வெளியே இரும்பு உருளையைக் கல்லில் இறக்கிவைக்கும் சத்தம். பிறகு அதே குரல், "தர வேணாம்டி. நீயே பக்கத்துல இருந்து கையப் பிடிச்சுக்க."

கட்டிலிலிருந்து அம்மா சொல் சொல்லாக இழுத்துச் சொன்னாள்: "தெற... உங்க சித்திடி."

திறந்தேன். மாதா கோயிலில் மணியடிக்கும் அண்ணன் உருளையைத் திருகினான். வேதக்கோயில் வாத்தியார் அம்மாவின் விரலில் கருவியை மாட்டினார். சித்தி அம்மாவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மெல்ல மெல்ல உதட்டுக்கு நிறம் திரும்பியது. அம்மா தடவித் தடவி, கையுறை போட்ட அந்தக் கையைத் தேடிப் பிடித்தாள்.

சித்தியின் முகக்கவசத்தின் உள்பக்கமெல்லாம் நீர்த்துளி. மூச்சின் ஆவி என்று நினைத்துக்கொண்டேன். கதவைத் திறக்காத குற்றத்துக்குச் சமாதானமாக ஏதாவது நல்லபடியாகப் பேச வேண்டுமே என்று, "சித்தப்பா ஏன் வரல?" என்றேன்.

மற்ற இருவரும் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"மேலதான் இருக்காரு," என்றாள் சித்தி.

அவர்கள் குடியிருந்தது தோட்டத்தின் மேல் டிவிஷனில். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. "அவருக்கும் கஞ்சி கொண்டு போங்க சித்தி," என்றேன்.

அன்று காலையில் அந்த மூன்று பேரும்தான் சித்தப்பாவை மேட்டில் புதைத்துவிட்டு, உடுப்பை மட்டும் மாற்றிக்கொண்டு எங்களிடம் வந்திருந்தார்கள். அம்மா எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகுதான் அதை எங்களுக்குச் சொன்னார்கள்.

அந்த நேரத்தில் எனக்குப் புரியாமல் இருந்ததெல்லாம், கஞ்சிக்குச் சரி சொல்ல சித்தி ஏன் அவ்வளவு நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறாள் என்பதுதான்.