கூடையை இறக்கி வைத்த வருடம்

மரக்காணம் உப்பளத்தில் ஓய்வுபெறும் வயது என்று ஒன்று கிடையாது. கூடை தூக்க முடிகிறவரை கூலி உண்டு, அவ்வளவுதான். பென்ஷன், பி.எஃப். எல்லாம் பஸ் ஏறி பாண்டிச்சேரிக்குக் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களின் பேச்சு. ஆகவே எப்போது நிறுத்துவது என்பதை ஆரோக்கியசெல்வி தானே யோசிக்க வேண்டியிருந்தது.

அவள் புருஷன் இறந்து வெகுகாலமாகிவிட்டது. ஒரே மகள் சகாயசெல்வி கல்யாணமாகித் திண்டிவனத்தில் இருந்தாள். “எங்க கூடவே வந்துடும்மா” என்று மகள் கூப்பிடும்போதெல்லாம் ஆரோக்கியசெல்வி சிரித்து மழுப்பிவிடுவாள். ஒற்றை அறை வீட்டில் மருமகனுக்கு எதிரே காலை நீட்டிப் படுக்க முடியுமா? அவளுக்கு வேறு யோசனை இருந்தது. அதை அவளோடு சேர்ந்து உப்பு சுமக்கும் அருக்காணிக்கு மட்டும் சொல்லியிருந்தாள். இருவரும் ஆளுக்கொரு கிடேரிக் கன்று வாங்கி வளர்த்தார்கள். கன்று மாடாகிப் பால் கறக்கத் தொடங்கினால் கூடையை இறக்கி வைத்துவிடலாம்.

2004 சித்திரையில், தலையில் கூடையோடு வரப்பில் வழுக்கி விழுந்தாள். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் அதன்பிறகு முட்டி பழையபடி மடங்கவில்லை.

“இந்த வருசத்தோட போதும்டி. தை பொறந்தா நான் அளத்துல எறங்கமாட்டேன்” என்றாள்.

அருக்காணியும் தலையாட்டினாள். இரண்டு மாடுகளும் அப்போது சினைக்கு நின்றிருந்தன.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாட்டைக் கழிமுகத்துப் புல்லில் கட்டிவிட்டு ஆரோக்கியசெல்வி கோயில் பூசைக்குப் போயிருந்தாள். கடல் உள்ளே வந்துவிட்டதென்று வெளியே சத்தம் கேட்டது. மேட்டுப் பக்கம் ஓடிய கூட்டத்தோடு அவளும் ஓடினாள். மாட்டை அவிழ்க்கப் போக வழியே இல்லை. தண்ணீர் வடிந்த பிறகு முளைக்குச்சிகூட அந்த இடத்தில் இல்லை.

அவள் அழவில்லை. கடற்கரைக் குப்பங்களில் பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் மார்பில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு மாட்டுக்காக அழுவதற்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது. அருக்காணியின் மாடு வீட்டுக் கொட்டகையில் பத்திரமாக இருந்தது. அதைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று சில வாரம் அந்தத் தெருப்பக்கமே அவள் போகவில்லை.

பாத்திகளில் ஏறியிருந்த சேற்றை வாரி முடிக்கவே மாசியாகிவிட்டது. வேலைக்கு ஆள் கூப்பிட்டதும் ஆரோக்கியசெல்வி முட்டியில் துணியை இறுகச் சுற்றிக்கொண்டு போய் நின்றாள். கொஞ்ச நேரத்தில் பின்னாலேயே அருக்காணி கூடையோடு வந்தாள்.

“நீ எதுக்குடி வந்த? மாடு கன்னு போடப்போவுது, வூட்ல இருக்க வேண்டியதுதான?”

“மாட்ட அந்தாளு பாத்துக்குவாரு.” அந்தாள் என்றது புருஷன் பக்கிரியை.

“எனக்காவ வராத. பாவம் பாத்து எவளும் என்கூட செமக்க வேணாம்.” ஆரோக்கியசெல்வியின் குரல் உயர்ந்துவிட்டது. சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஒனக்காவ யாரு வந்தா? விடிஞ்சா அந்தாளு மூஞ்சிய பாத்துகினு பொழுதுக்கும் எப்டி குந்திகினு இருக்கிறது? இன்னொரு மாடு வாங்கணும்னா கூலி வேணும். நீ பாதி, நான் பாதி. அதுக்குதான் வந்தேன். இஷ்டமிருந்தா சேந்துக்க.”

மாடு போனதற்கான அழுகை ஆரோக்கியசெல்விக்கு அப்போதுதான் வந்தது. அருக்காணி கூடையில் உப்பு அள்ளும் இடத்தில் அவளுக்கு மறைப்பாக நின்றுகொண்டாள்.

பக்கிரிக்கு இது பிடிக்கவில்லை. “சொந்தமா மாடு இருக்கறப்ப கூட்டு மாடு எதுக்கு?” என்று பல நாள் முறைத்துக்கொண்டிருந்தார். ஆனால் கன்று பிறந்ததும் அதைக் குளிப்பாட்டுவதும் புல் அறுப்பதுமாக மாறிவிட்டார். மனைவி உப்பளத்தில் இருந்த அந்த வருஷம் முழுக்கப் பாலைக் கடைகளுக்குக் கொண்டுபோய் ஊற்றியதும் அவர்தான்.

2006 பங்குனியில் கூனிமேட்டுத் தரகர் ஒருவர் மூலம் ஒரு சினைமாடு வந்தது. ஆரோக்கியசெல்வி தன் பங்குக்குக் கூலியோடு கம்மலையும் சேர்த்துக் கொடுத்தாள். சகாயசெல்வி விஷயம் தெரிந்து ஓடிவந்து, அம்மாவின் வெறுங்காதைப் பார்த்துக் கோபித்துக்கொண்டாள்.

“என் வூட்டுக்கு வரமாட்ட, மாட்டுக்குக் கம்மல குடுப்பியா?”

“வருவேன்டி. வர்றப்ப பாலோட வருவேன்.”

மகள் சாயந்திரம் கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டில் தன் கம்மலைக் கழற்றி நீட்டினாள். அம்மா வாங்கவில்லை. அவள் காதிலேயே திரும்பப் போட்டு, திருகாணியை முடுக்கிவிட்டாள்.

வைகாசியில், ஆரோக்கியசெல்வி வீட்டில் கட்டியிருந்த புது மாடு கன்று ஈன்றது. வெயில் உச்சத்தில் இருந்ததால் உப்பளத்தில் ஆள் போதவில்லை. மேஸ்திரி தட்சணாமூர்த்தி வீட்டுக்கே வந்தார்.

“கூலி ஏத்தி குடுக்கறேம்மா. ஆடி வரைக்கும் வந்துட்டுப் போ.”

“வர்லங்க.”

இப்படி மறுத்துச் சொல்ல முடியும் என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றாள். திரும்பக் கூப்பிட்டுவிடலாமா என்றுகூட இருந்தது. பிறகு உள்ளே போய்ப் பாயை விரித்துப் படுத்தாள். காய்ச்சல் வந்த நாட்களைத் தவிர அவள் பகலில் தூங்கியதில்லை. யாரோ கூப்பிடுவது போலக் கேட்டுத் திடுக்கிட்டு எழுந்தாள். வெளியே கன்று பாலுக்குக் கத்திக்கொண்டிருந்தது.