லியாவ் வீட்டுப் பீங்கான்

வானம் பேசும் என்று நம்புகிறவர், அது பேசத் தொடங்குமுன் அதன் வாயைப் பொத்தப் பார்ப்பாரா? லூகாங் ஊரில், கடலம்மன் கோயிலை ஒட்டிய சந்தில் ஜாதகம் பார்க்கும் லியாவ் சிங்-யுவானைக் காணும்போதெல்லாம் அவருடைய அடுத்த வீட்டுக்காரனான எனக்குள் இந்தக் கேள்வி எழுகிறது.

இப்போதும் அவர் குறி கேட்கும் பழைய செப்புக் காசுகளைக் கைக்குள் பொத்தி வைத்து ஊதிக்கொண்டிருப்பார். ஆமையோட்டுக்குள் போட்டுக் குலுக்குவதற்கு முன் அவற்றைச் சூடாக்க வேண்டுமாம். "குளிர்ல எழுப்பி விட்டா யாருதான் ஒழுங்கா பதில் சொல்லுவா?" என்பார். வருகிறவர்களுக்கென்று போட்ட முக்காலியில் பெரும்பாலும் அவருடைய சாம்பல் நிறப் பூனை தூங்கிக்கொண்டிருக்கும். அது தானாக எழுந்தால்தான் வந்தவர் உட்காரலாம். அவசரமென்றால் கோயிலுக்குள் போய் அம்மனிடமே கேட்டுக்கொள்ளலாம்.

நல்ல செய்தியை முகம் பார்த்துச் சொல்வார். கெட்ட செய்தி என்றால் அவர் கண் வந்தவரின் செருப்புக்கு இறங்கிவிடும். இது சந்துக்கே தெரியும் என்பதால், சிலர் முக்காலியில் அமர்ந்ததும் பாதங்களை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள்.

ஒருநாள் சிப்பி வறுவல் கடைக்காரி மகனின் பிறந்த நேரத்தோடு வந்தாள்.

"மாமா, பய பரீட்சையில தேறுவானா?"

"படிக்கிறானா?"

"எங்க! எந்நேரமும் போனுதான்."

"இதுக்கு எதுக்குடி நட்சத்திரத்த எழுப்புற? தூங்கட்டும் பாவம். போனப் பிடுங்கி ஒளிச்சு வை."

அவரை ஞானி என்று சொல்ல மாட்டேன். பிறர் கவலையைக் கேட்கும்போதும் தன் தேநீர் ஆறாமல் பார்த்துக்கொள்கிறவர் அவர். "நீங்க சொல்றதெல்லாம் நிஜமா?" என்று ஒருமுறை கேட்டேன். "பாதி நிஜம்தான்யா. எந்தப் பாதின்னுதான் இன்னும் பிடிபடல" என்று சொல்லிவிட்டுக் காசுகளை ஊதப் போய்விட்டார்.

ஆனால் ஒரு வழக்கத்தில் மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பெண்ணும் பிள்ளையும் ஒத்துப்போனால், பிறந்த நேரம் எழுதிய சிவப்புத் தாளை இரு வீட்டாரும் மாற்றிக்கொள்வார்கள். முன்னோர் படத்துக்கு முன்னிருக்கும் ஊதுவத்திக் கிண்ணத்தின் அடியில் அந்தத் தாள் மூன்று நாள் இருக்க வேண்டும். அதற்குள் வீட்டில் ஒரு பாத்திரம் உடைந்தாலும் முன்னோருக்குச் சம்மதமில்லை. தாள் திரும்பிப் போகும். மற்ற வீடுகளில் இப்போது இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. லியாவிடம் கேட்டுச் செய்கிறவர்களுக்கு மட்டும் தப்பிக்க வழியில்லை. அவருடைய ஒரே மகள் ஹுய்-ஜூவுக்கே, பல வருடங்களுக்கு முன், ஒரு பீங்கான் சூப்புக் கரண்டி தரையில் விழுந்து விளிம்பு பெயர்ந்ததால் வந்த வரன் போயிற்று. அதைச் சொன்னபோது அவர் மகளின் செருப்பைத்தான் பார்த்தாராம்.

அதன்பின் அவள் நெடுநாள் கல்யாணப் பேச்சே எடுக்கவில்லை. போன வசந்தத்தில், சைக்கிள் கடை வைத்திருக்கும் போ-ரோங்கின் சிவப்புத் தாளை அவளே கொண்டுவந்து கிண்ணத்தின் அடியில் வைத்தாள். நானும் அங்கிருந்தேன்.

"இந்தத் தடவை எது உடைஞ்சாலும் நான் போறது போறதுதான்ப்பா. ஆனா கல்யாணத்தன்னிக்கு வாசல்ல நின்னு, அப்பா முறைக்கு என் முக்காட்ட இறக்கி விடுறது நீங்களா இருக்கணும். உடைஞ்சா நீங்க வர மாட்டீங்கன்னும் எனக்குத் தெரியும்."

மறுநாள் விடியற்காலையில், கடல் பனி சந்தில் இறங்கியிருந்த நேரத்தில், லியாவ் என் கதவைத் தட்டினார். கையில் ஒரு மூங்கில் கூடை. அதில் வைக்கோலுக்குள் கோப்பைகள். அடுத்த நடையில் கிண்ணங்கள். அதற்கடுத்து ஊறுகாய் ஜாடி, பூச்சாடி, சூப்புக் கரண்டிகள். பனிக்குள் போவதும் வருவதுமாக இருந்த அவரைப் பார்க்க, கனவில் ஒருவர் வீடு மாற்றுவதுபோல் இருந்தது. எங்கள் வீட்டு அலமாரி நிறைந்தது. அவருடைய வீட்டில் உடையக்கூடியது என்று எதுவும் மிச்சமில்லை.

"என்ன சோசியரே, வீட்டக் காலி பண்றீங்களா?" என்று சிப்பிக் கடைக்காரி கத்தினாள்.

"கரப்பானுக்கு மருந்து அடிக்கிறோம்!"

"கரப்பானுக்கா, முன்னோருக்கா?"

அப்பாவும் மகளும் அலுமினியத் தட்டில் கஞ்சி குடித்தார்கள். கரண்டி படும் சத்தம் சுவருக்கு இந்தப்பக்கம் கேட்டது. அன்று சாயங்காலம் நான் அவரைக் கேட்டேவிட்டேன்: "நம்பிக்கை இருந்தா இப்படி ஒளிக்கலாமா? இல்லன்னா ஒளிக்கிறதுதான் எதுக்கு?"

"நம்பாதவன் வீட்ல கிண்ணம் உடைஞ்சா கிண்ணத்தோட போச்சு," என்றார் லியாவ்.

மூன்றாம் நாள் மாலை. கடைசி ஊதுவத்தி எரிந்து முடிந்தால் தாள் தப்பித்தது. அந்த நேரத்தில் என் வாசலில் வந்து நின்று, "ஒரே ஒரு கோப்பை வேணும். முன்னோருக்கும் பேச ஒரு வழி விடணுமில்ல," என்றார். அலமாரியில் கைவிட்டு, இருப்பதிலேயே மெல்லியதை, வெளிச்சம் ஊடுருவும் அந்த முட்டையோட்டு நிறக் கோப்பையை எடுத்தார். இத்தனை பத்திரப்படுத்திவிட்டு இதென்ன என்று நானும் பின்னாலேயே போனேன்.

கோப்பை நிறையத் தேநீர் ஊற்றினார். மேசையின் விளிம்பில், அடிப்பாகம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தார். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஊதுவத்திப் புகை நேராக ஏறி, உத்தரத்தை நெருங்கியதும் எதையோ மறந்ததுபோல் வளைந்தது.

வேலை முடிந்து வந்த ஹுய்-ஜூ வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா, என்ன விளையாட்டு இது?"

"உக்காரு."

அவள் பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். கோப்பையை நகர்த்தவில்லை. எதிரில் உட்கார்ந்துகொண்டாள். வெளியே கோயில் மணி ஒருமுறை அடித்து ஓய்ந்தது. தேநீரின் மேல் அந்தி வெளிச்சம் மெல்ல ஆடியது.

அப்போது பூனை மேசைமேல் ஏறியது. வாலைத் தூக்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல், விளிம்பை நோக்கி நடந்தது. லியாவ் அதை விரட்டவில்லை. கோப்பையையும் உள்ளே தள்ளவில்லை.

மடியிலிருந்து வலக்கையை எடுத்து, கோப்பை விழுந்தால் எங்கே விழுமோ அங்கே, மேசைக்குக் கீழே, உள்ளங்கையை விரித்து நீட்டினார். வத்தி அணையும்வரை அந்தக் கையை மடக்கவில்லை.