பூதக்கண்ணாடியும் பழைய ஃபில்டரும்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் வைத்திருக்கும் பெயர் பூதக்கண்ணாடி. கார் மெக்கானிக். வாளி வாங்கப் போனால்கூட கடையில் இருக்கும் அத்தனை வாளியையும் தட்டிப் பார்த்துவிட்டு, முதலில் எடுத்ததையே வாங்கி வருவார். மாத்திரை அட்டையில் எறும்பு மாதிரி அச்சடித்திருப்பதை முழுசாகப் படிக்காமல் யாரையும் விழுங்க விடமாட்டார்; அதற்குள் எனக்குத் தலைவலி தானாகவே போய்விடும். பட்டறையில் போன் எடுப்பது, சாமான் எடுத்துக் கொடுப்பது, பெருக்குவது எல்லாம் நான். இருபத்திரண்டு வருஷமாக இந்த மனுஷனோடு மல்லுக்கட்டுகிறேன்.

ஆயில் ஃபில்டர் என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். எஞ்சின் ஆயிலில் சேரும் அழுக்கை வடிகட்டுகிற சின்னத் தகர டப்பா அது. போலிச் சரக்கு வெளியே பார்க்க அசலைவிடப் பளபளவென்று இருக்கும். இவர் முதலில் கையில் தூக்கி எடை பார்ப்பார். காதருகே வைத்து ஆட்டுவார், உள்ளே ஏதாவது லொடலொடக்கிறதா என்று. ஓரத்துத் துளை வழியாக ஒரு குச்சியை விட்டு உள்ளே இருக்கும் ரப்பரை அமுக்குவார். மெத்தென்று எழும்பினால் சரி, விறைத்துக்கொண்டு நின்றால் குப்பைக் கூடைதான். பெட்டிக்கு ஒன்றை ரம்பத்தால் அறுத்து, காகித மடிப்பு எத்தனை என்று எண்ணுவார். உதிரிபாகக் கடைக்காரர் இவர் தலையைக் கண்டாலே சாப்பிடப் போய்விடுவார், மணி பத்தாக இருந்தாலும்.

அன்று காலை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற டாக்ஸிக்காரி வந்தாள். புருஷன் இல்லாதவள். இரண்டு பிள்ளைகள், படுத்த படுக்கையாக அம்மா, அத்தனை வயிற்றுக்கும் அந்த ஒரு வண்டிதான். போன வருஷம் வேறெங்கோ மாட்டிய போலி ஃபில்டரில் காகிதம் கூழாகி, ஆயில் அடைத்து, எஞ்சின் இறுகிப்போனது. எட்டு மாசம் ஒரு கிடங்கில் மூட்டை தைத்துத்தான் அவள் திரும்ப எஞ்சின் கட்டினாள். கட்டிக் கொடுத்தவர் இவர். "இன்னொரு தடவை எஞ்சின் போச்சுன்னா, வண்டிய இரும்புக் கடைக்குத்தாண்ணே தள்ளணும்" என்று வரும்போதெல்லாம் சொல்வாள்.

"அண்ணே, பதினோரு மணிக்கு ஏர்போர்ட் சவாரி இருக்கு."

"இரும்மா. அவசரப்பட்டா ஆவாது."

பழைய ஃபில்டரைக் கழற்றித் தட்டில் போட்டார். புதுசில் முதலாவதை ஆட்டிப் பார்த்துத் தள்ளினார். இரண்டாவதில் ரப்பர் விறைப்பு. மூன்றாவதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். கடைசியில் தலையாட்டி, அதன் வாயில் இருந்த ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையாலேயே இறுக்கினார். புது ஆயில் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டு, கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு சொட்டு கசியவில்லை.

"இனிமே கண்ண மூடிட்டு ஓட்டலாம்" என்றார். அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

நான் தட்டைக் கழுவ எடுத்தேன். பழைய ஃபில்டரின் வாயைச் சுற்றி ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும். இல்லை. வெறும் பள்ளம். தட்டில் தேடினேன், தட்டுக்கு அடியில் தேடினேன். அங்கேயும் இல்லை.

"ஏங்க, பழசுலேர்ந்து வளையத்தக் கழட்டினீங்களா?"

"நான் எதுக்குக் கழட்டறேன்?"

சொல்லி முடிக்கும்போதே அவர் முகம் வெளுத்துவிட்டது. எனக்கும் புரிந்துவிட்டது. பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அதன்மேல் புது வளையத்தை வைத்து இறுக்கிவிட்டார். நின்ற இடத்தில் ஓடவிட்டால் இரண்டும் சாதுவாக இருக்கும். சூடேறி, வேகமும் எடுத்தால் ஒன்றைவிட்டு ஒன்று வழுக்கும். அப்புறம் மொத்த ஆயிலும் ரோட்டில்தான். கத்துக்குட்டிகூட அந்த இடத்தைத் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் புதுசை மாட்டுவான். இவர் கண் முழுக்க கையில் இருந்த புது டப்பாமேல் இருந்தது.

போன் அடித்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் அவள் போனைத் தொடமாட்டாள், தங்கமான வழக்கம். அன்றைக்கு அந்த வழக்கத்தைச் சபித்தேன். அவளைப் பிடிக்க ஸ்கூட்டரை நான் எடுத்தேன், அவர் பின்னால் ஏறிக்கொண்டார்.

முதல் சிக்னலில் சிவப்பு. என் பின்னால் அவர் மூச்சு விடுவது கேட்டது. ஒரு லாரி குறுக்கே நின்று திரும்பவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அந்த டிரைவரை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. பாலம் ஏறினோம், இறங்கினோம். ரோடு காய்ந்து கிடந்தது. பரவாயில்லை, இன்னும் தாங்குகிறது என்று நினைத்தேன்.

நெடுஞ்சாலையில் திரும்பியதும் ஒரு சொட்டு தெரிந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் கோடாகவே போனது, போகப் போகத் தடித்துக்கொண்டே.

"ஃபில்டர் போலின்னு சொல்லிடுங்க" என்றேன். சொன்னது நான்தான், வேறு யாரும் இல்லை. "நீங்க சொன்னா ஊரே நம்பும். கடைக்காரன் மேல போட்டுடலாம். இல்லன்னா நாளையிலேர்ந்து பட்டறை வாசல்ல ஒரு வண்டி நிக்காது."

"நீ வண்டிய ஓட்டு" என்றார்.

கோடு நின்ற இடத்திலிருந்து அரை மைல் தள்ளி வண்டி ஓரமாக நின்றிருந்தது. சவாரிக்காரர் பெட்டியோடு வேறு காரில் ஏறிக்கொண்டிருந்தார். டாக்ஸிக்காரி சாவியைத் திருப்பினாள். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினாள். அதே டக்.

எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"அண்ணே, மறுபடியும் போலி ஃபில்டர் வந்து மாட்டிக்கிச்சா? உங்களையே ஏமாத்திட்டானுங்களா?"

அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். நான் அவரைப் பார்த்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லிவிட மாட்டாரா என்று மனசு அடித்துக்கொண்டது. வெட்கமாகத்தான் இருக்கிறது இப்போது.

"ஃபில்டர் நல்ல ஃபில்டர்தாம்மா" என்றார். "பழைய வளையம் எஞ்சின்ல ஒட்டியிருந்துச்சு. நாந்தான் பாக்கல."

திட்டுவாள், சட்டையைப் பிடிப்பாள் என்று நான் இரண்டடி முன்னால் போய் நின்றேன். அவள் திட்டவில்லை. வண்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"சிவப்பு லைட்டு எரிஞ்சுதுண்ணே" என்றாள். "பாலம் இறங்கி ரெண்டு மைல் தள்ளி. ஆயில் இல்லன்னு காட்டற லைட்டுன்னு எனக்குத் தெரியாதா? அப்பவே நிறுத்தியிருந்தா எஞ்சின் பொழச்சிருக்கும். நீங்க பாத்துக் குடுத்த வண்டியாச்சே, லைட்டுதான் கெட்டுப்போயிருக்கும்னு நெனச்சு ஓட்டிட்டேன்."